கழித்துப் பார்

போன வருடம் என் பணி ஓய்வு விழாவில் ஒரு இளைஞர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே படத்துல டீடெயில் போனா என்ன சார், ஏஐ திரும்ப வரைஞ்சு குடுத்துடும்." அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வரைந்தது வேறு, பதிவானது வேறு. ஏரிக்கரை எங்கே இருந்தது என்று கோர்ட்டில் கேட்டால், இங்கே இருந்திருக்கலாம் என்று ஒரு கோட்டைக் காட்ட முடியுமா?

பெங்களூரில் 1993இல் செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் வேலைக்கு வந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டேராடூனில் ஸ்டீரியோஸ்கோப்பில் குனிந்து பார்த்து விமானப் படங்களைப் படித்துத் தேறியவர். முதல் மாதமே லிஸ்-2 என்ற செயற்கைக்கோள் கேமரா எடுத்த கோலார் பக்கத்துக் காட்சி ஒன்றை ஜேபெக்கில் சுருக்கி, டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடித்த பெருமையோடு அவரிடம் காட்டினேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "கழிச்சுப் பாத்தியாப்பா?" என்றார்.

மூலத்திலிருந்து சுருக்கியதைக் கழித்து, மிச்சத்தின் வெளிச்ச வேறுபாட்டை ஸ்ட்ரெச் செய்து பார்த்தேன். ஏரிக்கரைகள், வண்டிப்பாதை, தோப்பின் ஓரம் எல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்தன. "மணல் தூவின மாதிரி இருந்தா பரவாயில்ல. ஊர் தெரியுதுன்னா அந்த ஊர் படத்துல இல்லைன்னு அர்த்தம்" என்றார். அதன்பின் மூன்று மாதம் எனக்கு வேறு வேலையே தரவில்லை. தென்னந்தோப்பு, பாறைக்குன்று, நகரம், வற்றிய ஏரி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு குவாலிட்டியில் சுருக்கு, கழி, மிச்சத்தைப் படி. அப்போது அவர் மேல் கோபம் வந்தது. இன்று எனக்கென்று ஒரு கண் இருக்கிறதென்றால் அந்த மூன்று மாதத்தில் திறந்த கண்தான்.

ஜேபெக்கைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் உயிர்நாடியான கொசைன் உருமாற்றத்தைத் தந்தவர் நசீர் அகமது. 1940இல் இதே பெங்களூரில் பிறந்து, விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1972இல் அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டபோது, யோசனை ரொம்ப எளிதாக இருக்கிறதென்று மறுத்தார்கள். 1974 ஜனவரியில் கட்டுரை வந்தது. உடன் எழுதியவர்கள் டி. நடராஜன், கிண்டியில் படித்த கே. ஆர். ராவ். அந்த உருமாற்றம் எதையும் தொலைப்பதில்லை, அப்படியே திருப்பிவிடலாம். 8க்கு 8 கட்டத்தில் வந்த எண்களை அட்டவணையால் வகுத்து முழு எண்ணாக்குகிறோமே, அங்கேதான் போகிறது.

அந்த அட்டவணை மனிதக் கண்ணுக்காகப் போட்டது. கண் வெளிச்சத்தில் கூர்மை, நிறத்தில் மந்தம். அதனால் நிறத்தை 2க்கு 2 பிக்சலாகச் சராசரி எடுத்துவிடுகிறார்கள். கல்யாணப் படத்துக்கு அது சரி. எஃப்சிசி என்று நாங்கள் சொல்லும் பொய்வண்ணப் படத்தில் சிவப்பாக ஏறுவது அகச்சிவப்பு பேண்ட். பயிர், புல், ஆகாயத்தாமரை எல்லாம் அந்தச் சிவப்பில்தான் பேசும். வெளிச்சக் கணக்கில் சிவப்புக்குக் கிடைப்பது 0.299 பங்கு; பச்சைக்கு 0.587. நாங்கள் எதைப் பார்க்கச் செயற்கைக்கோளை அனுப்பினோமோ அதையே கழித்துக்கட்டும் ஏற்பாடு இது.

ராஜகால்வாய்களில் இதை நேரில் பார்த்தேன். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு உபரிநீர் போகும் கால்வாய் அது. ஓரமெல்லாம் நாணல் மண்டியிருந்தால் 5.8 மீட்டர் லிஸ்-4 படத்தில் இரண்டு பிக்சல் அகலச் சிவப்பு இழையாகத் தெரியும். ஒரு நிறுவனம் தந்த அறிக்கையில் அந்த இழை நடுவில் அறுந்து, மனைகளின் சாம்பலோடு கலந்திருந்தது. "இங்கே கால்வாய் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கைக்குக் கை மாறிய ஜேபெக்கிலிருந்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். மூன்று பேண்ட்தானே, ஜேபெக்கில் அடங்கிவிடும் என்ற சௌகரியம். அதே நாள் காட்சியை மூலமாகவே மறுபடி வாங்கிக் கழித்தேன். மிச்சத்தில் கால்வாய் ஏரிமுதல் ஏரிவரை நீண்டு கிடந்தது. செய்தவரிடம் காட்டினால், "ரெண்டு படமும் ஒண்ணாத்தானே சார் இருக்கு" என்றார். அந்த வார்த்தையை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேலே செயற்கைக்கோளில் இப்படியா செய்தார்கள்? 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1இன் இரண்டு கேமராக்களும் 10 பிட்டில் எடுத்ததை 3.2க்கு 1 என்று சுருக்கித்தான் நொடிக்கு 105 மெகாபிட்டாக இறக்கின. வேறு வழியில்லை, பாதை அவ்வளவுதான். 2003இன் ரிசோர்ஸ்சாட்-1இல் லிஸ்-4 எடுக்கும் 10 பிட்டில் எந்த 7ஐ அனுப்புவது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிட் பிட்டாக எண்ணி இறக்கியதைக் கீழே மேசையில், டெராபைட் டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீணாக்குகிறார்கள். தகவல் இழக்காத சுருக்கம் மெனுவிலேயே இருக்கிறது. எல்இசட்டபிள்யூ என்று ஒரு கிளிக். அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

போன வாரம் அந்த விழா இளைஞர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, "சார், இது ஏரியா, வயலா?" என்று கேட்டிருந்தார். கேட்டாரே என்று சந்தோஷமாக இருந்தது. மூல டிஃப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாப்பா, முழு நாளையும் ஒதுக்கிக்கொண்டு வா, இதையும் அதையும் கழித்துப் பார்ப்போம் என்று பதில் போட்டிருக்கிறேன்.