குருத்தோலையும் வெங்காயத் தோலும்

2026இல் குருத்தோலை ஞாயிறு மார்ச் 29, ஈஸ்டர் ஏப்ரல் 5. பிள்ளைகளுக்காகப் பிளாஸ்டிக் முட்டை தேடி அலையாதீர்கள். கல்லாவி ஊர்ப் பக்கம் தென்னங்குருத்துக்கா பஞ்சம்? மந்திரித்த ஓலை சிலுவைக்கு, மிஞ்சியது விளையாட்டுக்கு. கிளி, காற்றாடி, பீப்பீ, கைக்கடிகாரம் எல்லாம் வரும். ஈர்க்கை மட்டும் பெரியவர்கள் கிழித்து எடுத்துவிடுங்கள்.

நாமக்கல் வெள்ளை முட்டையை வெங்காயத் தோலோடு வேகவைத்தால் செங்கல் நிறம் ஏறும், மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள். வேகவைக்கும் முன் முட்டைமேல் கொத்தமல்லி இலை ஒன்றை ஒட்டி, மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். இலை வடிவம் அப்படியே ஓட்டில் பதிந்திருக்கும். துணியை அவிழ்க்கும் வேலை பிள்ளைகளுக்கே. அந்த முகங்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை!

ஓலைச் சிலுவையை எறிந்துவிடாதீர்கள். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்குச் சாம்பலாக்கக் கோயிலில் கேட்பார்கள்.