கண்ணுக்குத் தெரியாத எழுத்து



சென்ற ஞாயிறு காலை உங்கள் கைகளில் இருந்த ஆராதனை முறைமைத் தாள் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத்தான் அச்சானது. மாலையிலிருந்தே ஆலய அலுவலகத்துக் கணினிக்கு அச்சுப்பொறி புலப்படவில்லை. இரண்டும் ஒரே அறையில் மூன்றடி இடைவெளியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே ரூட்டரைச் சார்ந்தவை. ஆயினும் அச்சுப்பொறி எதுவும் இல்லை என்றே கணினி திரும்பத் திரும்பச் சொல்லிற்று.

உதவிக்கு வந்தவர் நமது வாலிபர் ஐக்கியத் தம்பி ஒருவர். அந்தப் பழைய கணினியில் உபுண்டுவை நிறுவிக் கொடுத்தவரும் அவரே. அவர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த வைத்தியங்களை எல்லாம் நான் செய்து முடித்திருந்தேன். அச்சுப்பொறியை அணைத்துப் போட்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். கணினியை நான்கு முறை மறுதொடக்கம் செய்தேன். கம்பியைக் கழற்றி ஊதி மாட்டினேன். ஊதுவதால் என்ன பயன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஐயா, இந்த கேபிள் நல்லா இருக்கு. நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன் இழுத்தது, தப்பா இருக்காது" என்றார் தம்பி. யார் அந்த அண்ணன் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் ஒன்றையொன்று எவ்வாறு கண்டுகொள்கின்றன என்பதை அன்றிரவுதான் நான் கற்றுக்கொண்டேன். அச்சுப்பொறி இன்ன இடத்தில் இருக்கிறது என்று கணினிக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. கணினி ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கேட்பதுபோல, "இங்கே அச்சிடக்கூடியவர் யார்?" என்று வலையமைப்பில் பொதுவாகக் கேட்கிறது. அக்கேள்வி 224.0.0.251 என்னும் பொது முகவரிக்கு, 5353 என்னும் வாயில் எண்ணில் செல்கிறது. அந்தக் குழுவில் சேர்ந்திருக்கிற ஒவ்வொரு கருவியும் அதைக் கேட்கும். தனக்குரிய கேள்வியானால் விடை சொல்லும். கேள்வி அந்த வளாகத்தின் வலையமைப்பைத் தாண்டி வெளியே போகாது. 2013இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட முறை இது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இப்பணியைச் செய்வது அவாஹி என்னும் சிறு நிரல். அது மடகாஸ்கர் காட்டில் வாழும் ஒரு லீமர் இனத்தின் பெயராம்.

தம்பி முதலில் தம் கைப்பேசியை எடுத்தார். அதில் அச்சுப்பொறி உடனே தெரிந்தது. அப்படியானால் அச்சுப்பொறி விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, ரூட்டரும் தடுக்கவில்லை. காது கேளாதது நம் கணினிக்கு மட்டுமே. தீயரணை ஏதும் 5353ஐ அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைக்கவில்லை. நேரமாகிவிட்டபடியால், அச்சுப்பொறியின் எண் முகவரியை அதன் சிறு திரையில் பார்த்துக் கணினியில் நேரடியாகத் தட்டினார். தாள்கள் வரத் தொடங்கின.

எனக்கு அத்துடன் போதும் என்றிருந்தது. தம்பிக்கு அது போதவில்லை. "ஐயா, அந்த முகவரி ரூட்டர் கொடுத்தது. நாளைக்கு வேற முகவரி கொடுத்தா மறுபடி இதே கதைதான். தேவைப்படும்போது மட்டும் முகவரி தேடிப் போறது தீர்வு இல்லை" என்றார். அவர் கணினியைப் பற்றித்தான் பேசினார். சந்தா நோட்டை எடுத்துக்கொண்டு மட்டுமே நாம் படியேறும் சில வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

திங்கட்கிழமை மாலை மீண்டும் அமர்ந்தோம். அவாஹி இயங்குகிறதா என்று கேட்டால், இயங்குகிறது என்று பச்சை நிறத்தில் விடை வந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அதன் பதிவேட்டை வரிவரியாகப் படித்த தம்பி ஓரிடத்தில் நிறுத்தினார். வழக்கமாக அந்த நிரல் எழும்பியதும், இன்ன இணைப்பின் வழியாகக் குழுவில் சேர்ந்துகொண்டேன் என்று ஒரு வரி எழுதுமாம். அந்த வரி அங்கே இல்லை. நிரல் உயிரோடு இருந்தது. ஆனால் எந்தக் குழுவிலும் சேரவில்லை. சர்தை சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தைப் பிரசங்கித்து எனக்குப் பழக்கம் உண்டு. அன்று அந்தப் பச்சை விளக்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அதன் அமைப்புக் கோப்பில் இருந்தது. கான்ஃபிக் ஃபைல் என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். நிரல் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தான் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை அந்தச் சிறு கோப்பில் படித்துக்கொள்கிறது. எந்த இணைப்பின் வழியாக மட்டும் செவிகொடுக்கவேண்டும் என்று குறிப்பிட அதில் ஒரு வரி உண்டு. கடந்த வாரம் தம்பி அங்கே நம் கம்பி இணைப்பின் பெயரைச் சேர்த்திருந்தார். பெயர் சரி, எழுத்துகள் சரி. இருவரும் திரையில் விரல் வைத்துப் படித்தோம். குற்றம் ஒன்றும் காணோம்.

பிறகு அவர், மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும்படி ஒரு கட்டளை கொடுத்தார். அதே வரி மீண்டும் வந்தது. இம்முறை பெயரின் வாலில் புரியாத குறிகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. அகலமே இல்லாத ஓர் இடைவெளி அது. வலைப்பக்கங்களில் நீண்ட சொற்களை மடக்குவதற்காக இடப்படும் எழுத்து. திரையில் அதற்கு உருவமே கிடையாது. நம் கண்ணுக்கு அந்தப் பெயர் ஆறு எழுத்து. கணினிக்கோ ஏழு. அந்த ஏழெழுத்துப் பெயரில் இவ்வுலகில் இணைப்பு எதுவும் இல்லாதபடியால், அது எதற்கும் செவிகொடுக்கவில்லை. நான்கு முறை மறுதொடக்கம் செய்தும் பயனில்லாமற்போனது இதனால்தான். ஒவ்வொரு முறையும் அது எழுந்து அதே பழுதான கோப்பைத்தான் உண்மையுடன் படித்தது. புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனை தோறும் நான் என்னை மறுதொடக்கம் செய்துகொள்வதும் பெரும்பாலும் இவ்விதமே.

"இது எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டேன். தம்பிக்குச் சற்று வெட்கம். அந்த வரியை அவர் தட்டச்சு செய்யவில்லை. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். நண்பரும் எங்கிருந்தோ எடுத்திருப்பார். வரியை அழித்து, கையால் புதிதாகத் தட்டி, நிரலை மறுபடி எழுப்பினார். பதிவேட்டில் குழுவில் சேர்ந்த வரி வந்தது. அடுத்த நொடி அச்சுப்பொறியின் பெயர் திரையில் தோன்றிற்று. அது சனிக்கிழமை முழுவதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்தக் கம்பியை இழுத்த எலக்ட்ரீஷியனைப் பற்றி இப்பொழுது சொல்லவேண்டும். இதை எழுத அவரிடமும் அவர் தாயாரிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன்.

நான் இச்சபைக்குப் பொறுப்பேற்று வந்தபோது, சபைக் குடும்பங்களைக் குறித்து நல்ல எண்ணத்தோடு பலர் எனக்குப் பலவற்றைச் சொன்னார்கள். அவர் குடும்பத்தைக் குறித்து ஒருவர் சொன்னது ஒரே வாக்கியம்: "அவங்க சபையோட ஒட்ட மாட்டாங்க ஐயா." சொன்னவரும் அதை எங்கோ கேட்டிருப்பார். நான் அதை விசாரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நகலெடுத்து ஒட்டிக்கொண்டேன். அதன்பின் நான் கண்டதெல்லாம் அதற்குப் பொருந்தியது. அவர் கடைசி வரிசையில் அமர்வார். ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவார். ஒட்டாதவர்தான் என்று பீடத்திலிருந்தபடியே எண்ணிக்கொள்வேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்தபின், கம்பிக்கு அவர் என்ன கூலி வாங்கினார் என்று தம்பியிடம் கேட்டேன். "காசு வாங்கல ஐயா. மூணு நாள் வந்தாங்க, தினமும் ஒரு மணி நேரம். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கல்ல, பக்கத்து வீட்டு அக்கா அதுக்கு மேல பார்த்துக்க முடியாது. ஞாயித்துக்கிழமையும் அதனாலதான் பாதியில ஓடுறாங்க" என்றார். நான் அறிந்திருப்பேன் என்ற எண்ணத்தில் இயல்பாகச் சொன்னார்.

வீட்டுத் திருவிருந்துக்கான நோட்டை எடுத்துப் பார்த்தேன். வியாதியஸ்தரும் முதியோருமாக இருபத்தொரு பெயர்கள். அந்தத் தாயாரின் பெயர் அதில் இல்லை.

சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் தொடக்கத்தில் ஆலய வாசலருகே அமர்ந்திருக்கிற ஏலியை நீங்கள் அறிவீர்கள். அன்னாள் அவர் கண்முன்னேதான் நிற்கிறாள். அவள் உதடுகள் அசைவதை அவர் கூர்ந்து பார்க்கவும் செய்கிறார். அவர் கண்டது குடித்திருக்கும் ஒரு பெண்ணை. அந்தக் கணிப்பை அவர் மனதில் எது எழுதி வைத்திருந்தது என்று வேதம் சொல்லவில்லை. இப்பகுதியை நான் பலமுறை அன்னாளின் பக்கமிருந்து பிரசங்கித்திருக்கிறேன். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாருக்கு ஆறுதலாக. ஏலியின் நாற்காலியில் உட்கார்ந்து அதை வாசித்தது இந்த வாரம்தான். அவர் செய்த ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன். அவள் ஒரு மறுமொழி சொன்னாள். அந்த முதியவர் தாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, உடனே அவளைச் சமாதானத்தோடு அனுப்பினார். தான் அறியாத பிழைகளுக்காகவும் தாவீது தேவனிடம் மன்னிப்புக் கேட்கிற 19ஆம் சங்கீதத்தையும் அன்றிரவு முழங்காலில் நின்று வாசித்தேன்.

புதன்கிழமை மாலை திருவிருந்துப் பேழையோடு அவர் வீட்டுக்குச் சென்றேன். ஆலயத்திலிருந்து எட்டு நிமிட நடை. அவர் வாசலில் என்னைக் கண்டு திகைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க ஐயா" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்க விரும்பாதவராய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜன்னலோரக் கட்டிலில் தாயார் படுத்திருந்தார்கள். என் வெள்ளை அங்கியைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைத் தூக்க முயன்று, மகனிடம் கேட்டார்கள்:

"புதுசா வந்திருக்கிற ஐயராப்பா?"

நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன்தான் சொன்னார்: "ஆமாம்மா. இப்பதான் வந்திருக்காங்க."