திருச்செங்கோட்டில் கும்மி கற்றோம்!

சனிக்கிழமை மத்தியானம் சேலம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ஐந்து சிநேகிதிகள். போவது திருச்செங்கோட்டுக்கு; வள்ளிக் கும்மி கற்றுக்கொள்ள! "ரெண்டு வயசுப் புள்ளைய உட்டுட்டு ஆட்டமா அம்மணி?" என்று மாமியார் கேட்டது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

மகுடஞ்சாவடி தாண்டி, சங்ககிரி மலைக்கோட்டை தெரிந்ததும் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

வெயில் தாழ்ந்ததும் பயிற்சி. ஆசிரியர் வள்ளி திருமணக் கதையைப் பாடப் பாட, வட்டமாக நின்று கைதட்டி அடியெடுத்து வைக்க வேண்டும். முன்பு இது ஆண்கள் ஆட்டமாகவே இருந்ததாம். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு ஆடாதீர்கள். முதல் நாளே வேகம் வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை படியேறி அர்த்தநாரீசுவரரைத் தரிசித்தோம். ஆண் பாதி, பெண் பாதி. வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ராத்திரி வீடு திரும்பினால், குழந்தை கோணல் வகிடும் இரட்டைப் பின்னலுமாக ஓடி வந்தாள். மாமியார் என்னையே பார்த்தார். "எங்க கண்ணு, ஒரு அடி வெச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். அவர் கை தானாகத் தாளம் தட்டியது!