என்ஜினுக்கு அழுக்குப் பூசிய கதை

முப்பது வருஷம் இவருடைய சட்டை அழுக்கோடு மல்லுக்கட்டியவள் நான். ரயில் டிரைவர் பெண்டாட்டி என்றால் சும்மாவா? காலரில் புகைக்கரி, கைமடிப்பில் கிரீஸ், பான்ட் ஓரத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள். கிரீஸ் கறைக்கு முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, அப்புறம் சலவை சோடாவில் ஊறவைத்து, கடைசியில் பார் சோப்புப் போட்டுக் கும்மினால்தான் போகும். அப்படிப்பட்ட என் வீட்டில், என் கண்ணெதிரே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பளபளவென்று இருக்கும் ஒரு பொம்மை என்ஜினுக்கு இவர் அழுக்குப் பூசினால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

'பொம்மை' என்று எழுதியதற்கே கோபித்துக்கொள்வார். 'மாடல்' என்று சொல்ல வேண்டுமாம்.

இவர் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓட்டியவர். ஒய்.டி.எம்-4 என்று ஒரு டீசல் என்ஜின். 1960-களில் ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் என்ஜினாக வந்து, பிறகு நம் காசியிலேயே செய்தார்கள். 1,400 குதிரைசக்தி. அதை ஓட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் கடல் என்பதை இவர் வாயால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். 2007-ல் அந்தப் பாலத்திலும் அகலப்பாதை வந்துவிட்டது. இவரும் பெரிய என்ஜினுக்கு மாறி, 2014-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்றா சொன்னேன்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். அந்தக் காலத்தில் டூட்டிக்குக் கூப்பிட ஆள் வந்து கதவைத் தட்டிய நேரம் அது. இப்போது யார் தட்டுகிறார்கள்? பகலெல்லாம் ஈசிசேர். பேச்சும் குறைந்துவிட்டது. பி.பி. மாத்திரை ஒன்று இரண்டாயிற்று.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன்தான் வழி கண்டுபிடித்தான். உலகமெங்கும் மாடல் ரயில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது 87-ல் ஒரு பங்கு அளவாம். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்து மலைப் பாதைகளிலும் மீட்டர் கேஜ் உண்டு என்பதால், அந்த மாடல்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அங்கே கடையிலேயே கிடைக்கிறது. மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிப்பாகம் ஒன்றையும் கொஞ்சம் தண்டவாளத்தையும் மகன் அனுப்பி வைத்தான். மேலே உடம்பைக் கட்டுவது அப்பாவின் பாடு.

ஒரு சாண் நீள என்ஜினுக்கு ஒன்றரை வருஷம்! மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டினார். கைப்பிடிக் கம்பிகளுக்கு ஊசி நுழையும் அளவில் கையாலேயே துளை போட்டு, பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகினார். மீட்டர் கேஜ் என்ஜினுக்கு நடுவில் ஒரே பஃபர்தான். அதன் பக்கத்தில் தொங்கும் வாக்குவம் குழாய்க்கு, கம்பியின் மேல் இன்னொரு மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கறுப்பு அடித்தார். அலுமினியத் தகட்டைப் பின்பக்கமிருந்து ஊசியால் குத்திக் குத்தி, ரிவெட் ஆணிகளின் வரிசையைக் கொண்டுவந்தார். என் தையல் ஊசிகள் காணாமல் போன ரகசியம் அப்போதுதான் புரிந்தது. சிவப்புப் பெயின்டும் மஞ்சள் பட்டையும் அடித்து அதைத் தண்டவாளத்தில் வைத்த அன்று, நானே பாயசம் வைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், கறுப்பும் பழுப்பும் கரைத்து அதன் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஓடின என்ஜின் இப்படியா பளபளன்னு இருக்கும்? இது கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. நான் ஓட்டினது இது இல்லே."

அது 2018. பெரியவள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய மூத்த பையனுக்கு இரண்டு வயது. வீட்டில் டர்பன்டைன் வாசனை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த நெடி ஆகாது என்று நான் தினம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கும் மேஜை காலியாகவில்லை. கோபத்தில் இவருடைய சாமான்களையெல்லாம் வாரி ஜன்னலோரம் தரையில் வைத்துவிட்டு, தட்டுப் போட்டேன். அதில் தூரிகை கழுவுகிற டர்பன்டைனும் இருந்தது. எதில்? எவர்சில்வர் டம்ளரில்.

குழந்தைக்கு எவர்சில்வர் டம்ளர் என்றால் பால், தண்ணீர். அவனுக்கு வேறென்ன தெரியும்? இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாயெல்லாம் அந்த வாசனை. உப்புத் தண்ணீர் கரைத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று நான் ஓடினேன். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் எதைக் குழந்தை குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட அது நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி வரும்போது அப்படிப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். வாயைத் துடைத்து, சட்டையில் கொட்டியிருந்தால் கழற்றி, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறானே என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. அன்று ராத்திரி முழுக்க டாக்டர்கள் அவன் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒரு வாய்தான் போயிருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்ஜினைத் துணியில் சுற்றி, பெயின்ட் டப்பாக்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். "என்னாலதான்" என்றார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். டம்ளரைத் தரையில் வைத்தது யார் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுபடி ஈசிசேர். மறுபடி ராத்திரி இரண்டு மணி. பிரசவம் ஆகி மகள் ஊருக்குப் போய், வீடு வெறிச்சோடிக் கிடந்தது. சாவி என் மாங்காய்க் கொத்தோடு இடுப்பில் கனத்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்: "அந்த டம்ளரைக் கீழே வெச்சது நான்தாங்க."

இவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "டம்ளர்ல ஊத்தினது நான்தானே" என்றார், கொஞ்ச நேரம் கழித்து. அவ்வளவுதான்.

அன்றைக்கே பெட்டியைத் திறந்தேன். நிபந்தனைகளோடுதான். வேலை மொட்டைமாடிக் கொட்டகையில். டர்பன்டைனுக்குப் பதில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட். (அதுவும் குடிக்கிற சாமான் இல்லை, பூட்டு அதற்கும் உண்டு.) சமையலறைப் பாத்திரம் எதுவும் மேலே போகக் கூடாது. தூள் பூசும்போதும் ஸ்பிரே அடிக்கும்போதும் மூக்கில் மாஸ்க்.

கூட உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கே ருசி தட்டியது. நீர்மோர் பதத்தில் கரைத்த பழுப்பை மேலே தடவினால், அது கதவு இடுக்கிலும் காற்றுத் துவாரங்களின் பட்டைகளுக்குள்ளும் ஓடித் தங்குகிறது. மீதியை ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், மழை வழிகிற மாதிரி. நிறச் சாக்குக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, மெத்தென்ற தூரிகையால் ஒற்றினால் துருவும் தூசியும் தயார். ஆனால் மேலே மங்கல் வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் தூளின் நிறம் பாதி அமுங்கிப்போகும். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே போட வேண்டும், ஊறும் காய்க்கு உப்புப் போடுவதுபோல.

கூரையில் புகைபோக்கியைச் சுற்றி இவர் பூசியிருந்த கறுப்பைப் பார்த்தேன். திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"புகை இப்படியா படியும்? உங்க சட்டைத் தோள்ல எப்படி இருக்கும்னு நான் சொல்றேன். நடுவில அடர்த்தி, ஓரம் போகப்போக மங்கல். நிறமும் இந்த மைக்கறுப்பு இல்லே. தோசைக்கல் அடி நிறம்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பிரேக் தூள் வெறும் பழுப்பு இல்லை, நனைந்து காய்ந்தால் செம்பழுப்பு என்று சக்கரச் சட்டங்களுக்கு நான்தான் நிறம் கலந்தேன். டீசல் டாங்கியில் எண்ணெய் வழிந்த இடம் மட்டும் மங்கலாக இல்லாமல் மினுங்க வேண்டும். கைமடிப்பில் கிரீஸ் மினுங்கியது எனக்குத் தெரியாதா? பாம்பன் போய்வந்த சட்டையில் உப்புப் பூத்திருக்குமே, அந்த வெளிறலைப் படிக்கட்டுத் துருவின் ஓரத்தில் தொட்டு வைத்தேன். டிரைவர் ஏறும் கைப்பிடியில் மட்டும் அழுக்கு வேண்டாம் என்றார் இவர். கை பட்டுப் பட்டு அது எப்போதும் தேய்ந்து பளிச்சென்றுதான் இருக்குமாம், நம் வீட்டு அம்மிக்குழவி மாதிரி.

இப்போது அது கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. டர்பன்டைன் குடித்த வீரன் லீவுக்கு வந்தால் முதலில் அங்கேதான் ஓடுகிறான். எத்தனை மூடி வைத்தாலும் தூசி நுழைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் திறந்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுகிறேன். நேற்றும் தட்டினேன். ஈசிசேரிலிருந்து குரல் வந்தது:

"பார்த்து! எந்தத் தூசியை எடுக்கிறே?"

"வீட்டுத் தூசியை மட்டும்தாங்க" என்றேன்.