செயலி செய்த கதை

தில்லியில் யமுனையின் கீழ்க்கரையில், மயூர் விஹார் பகுதியில், நண்பர்கள் ஐவர் கூடித் தமிழ் நூல் வட்டமொன்று நடத்தி வருகிறோம். பெரிய அமைப்பு அன்று. அன்பர் ஒருவர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒதுக்கித் தந்த ஓர் அறை, நான்கு இரும்பு அலமாரிகள், ஏறத்தாழ 600 நூல்கள், 90 குடும்பங்கள். இவ்வளவே எங்கள் செல்வம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கூடுவோம். கூட்டச் செய்தி 50 காசு அஞ்சலட்டையில் வீடுதோறும் செல்லும். இவ்வட்டத்திற்குக் கைப்பேசிச் செயலி ஒன்று செய்யப் புகுந்து நாங்கள் இடறிய இடங்களை இம்மலரில் எழுதுமாறு நண்பர்கள் பணித்தனர். வெற்றியுரைகள் மலர்களில் நிறையவே வருகின்றன. பிற ஊர்ச் சங்கத்தார் பலரும் இப்போது செயலி செய்ய முனைந்திருப்பதால், விழுந்தவர் வாய்மொழியும் ஒன்று இருக்கட்டும் என்று எழுதத் துணிந்தோம்.

எண்ணம் பிறந்தது 2022-இல். பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது, இரவல் எழுதி வைத்த பேரேட்டின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. யார் வீட்டில் எந்த நூல் இருக்கிறது என்பதற்கு எங்கள் நினைவையன்றி வேறு சான்று இல்லை. எங்களுள் இளையவர் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுபவர்; "பேரேட்டைக் கைப்பேசிக்குள் வைத்துவிடலாம்" என்றார். அவர் சொன்னபடி பேரேட்டை மட்டும் வைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் நீண்டுவிட்டது. நூற்பட்டியல், இரவல் கணக்கு என்று தொடங்கிய பேச்சு, பழைய விழாப் படங்கள், சிறுவர்க்குத் தமிழ்ப் பாடம், சமையற்குறிப்பு, நாளொரு குறள், மணமாலை, அரட்டை அரங்கம் என்று வளர்ந்தது. உறுப்பினர்கள் எதைக் கேட்டார்கள் என்று எங்களில் ஒருவரும் வினவவில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தது ஒன்றுதான்: தேடும் நூல் அறையில் இருக்கிறதா, வேறொருவர் கொண்டு போயிருக்கிறாரா? அதை விட்டு ஒன்பது மாதம் உழைத்தோம். மணமாலையில் கடைசிவரை ஒரு பெயரும் ஏறவில்லை. அரட்டை அரங்கில் பதிவான செய்திகள் மொத்தம் மூன்று. மூன்றும் "சோதனை" என்பவை, எழுதியவர்களும் நாங்களே.

சோதித்துப் பார்த்தது எங்கள் கைப்பேசிகளில். அவை புதியவை, வீட்டில் கம்பியில்லா இணையம் விரைவாக ஓடும். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். மகனோ மகளோ புதிது வாங்கியபின் கழித்துத் தந்த கைப்பேசியே அவர்கள் கையில் இருப்பது. அதன் கொள்ளிடம் முழுவதும் காலை வணக்கப் படங்களால் நிறைந்திருக்கும். நாங்களோ விழாப் படங்கள் அனைத்தையும் செயலிக்குள்ளேயே கட்டி 140 மெகாபைட் மூட்டையாக அனுப்பினோம். வேண்டும்போது வேண்டிய படத்தை மட்டும் இறக்கிக்கொள்ளுமாறு அமைப்பது அரிய வேலையன்று; எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. பலர் கைப்பேசி "இடமில்லை" என்று கைவிரித்தது.

இதனினும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நூலறை கீழ்த்தளத்தில் உள்ளது. அங்கே அலைவரிசை எட்டாது. நூற்பட்டியலையோ தொலைவிலுள்ள வழங்கியில் வைத்திருந்தோம். ஆகவே உலகின் எந்த மூலையிலிருந்தும் எங்கள் நூல்களைக் காணலாம், அந்நூல்கள் இருக்கும் அறையைத் தவிர! திறப்பு விழாவன்று ஐவரும் ஐந்து கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கிய காட்சியை வந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. 600 நூற்பெயர்கள் கைப்பேசியிலேயே தங்குவதற்கு ஓர் ஒளிப்படத்தின் இடங்கூட வேண்டாம் என்பது பிறகு தெரிந்தது.

தமிழெழுத்துப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழர் செய்யும் செயலியில் தமிழே இடறும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "மலர்", "மறை", "மனம்" என்னும் மூன்று சொற்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் பள்ளிச் சிறுவனும் இம்முறையிலேயே அடுக்குவான். எங்கள் செயலி "மனம்", "மறை", "மலர்" என்று தலைகீழாக அடுக்கியது. காரணம் இது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ் அட்டவணை, இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட வரிசையைத் தழுவியது. அதில் நகரத்தின் பக்கத்தில் னகரமும், ரகரத்தின் பக்கத்தில் றகரமும் அமர்ந்திருக்கின்றன. ழகரம் வகரத்திற்கு முன்னே நிற்கிறது. எண்வரிசையையே அகரவரிசை என்று கொண்டால் நம் நெடுங்கணக்குக் குலைந்துவிடும். தமிழுக்குரிய அடுக்குமுறையும் கணினி வல்லுநர்களால் வகுக்கப்பட்டுக் கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது; "தமிழ் முறைப்படி அடுக்கு" என்று ஒரு வரியில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

எண்ணிக்கையும் அப்படியே. "தமிழ்" என்பதில் நமக்கு எழுத்து மூன்று, கணினிக்கு ஐந்து. இகரக் கொக்கியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணும். நூற்பெயர் நீண்டால் பன்னிரண்டாம் இடத்தில் வெட்டிவிடுமாறு நாங்கள் வைத்த ஏற்பாட்டால், எட்டே எழுத்துக் கொண்ட சிலப்பதிகாரம் பதின்மூன்று என்று கணக்காகி, "சிலப்பதிகாரம" என்று புள்ளி இழந்து நின்றது. இளங்கோவடிகள் பொறுத்தருளினாலும் தமிழாசிரியராக இருந்த உறுப்பினர் ஒருவர் பொறுக்கவில்லை. அவர் சினத்தில் நியாயம் இருந்தது. "ஸ்ரீ" என்பதை இருவகையாகக் குறியிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஆதலால் திருவரங்கம் பற்றிய நூலொன்று அலமாரியில் இருக்க, செயலி இல்லை என்றது. தட்டெழுதிய அன்பர்கள் சிலர் துணைக்கால் இட வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டியிருந்தனர். அவையும் பார்வைக்குப் பழுதில்லாதவை, தேடினால் அகப்படாதவை. குறியீடுகளை ஒருமுகப்படுத்திய பிறகே தேடலை வைக்க வேண்டும் என்பதை அறிவதற்குள், "உங்கள் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது" என்ற பெயர் ஊரில் பரவிவிட்டது.

பிறகு இசைவு கேட்கும் செய்தி. செயலியை முதன்முதல் திறந்தவுடனே, தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா, இருப்பிடம் அறியலாமா, படக்கருவியைத் தொடலாமா, அறிவிப்பு அனுப்பலாமா என்று ஆங்கிலத்தில் நான்கு வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினோம். நூல் இரவல் கொடுக்க இருப்பிடம் எதற்கு? எங்களுக்கே தெரியாது; ஒரு நாள் பயன்படும் என்று வைத்தது. வேண்டும் வேளையில் வேண்டியதை மட்டும் கேட்கும் வழி 2015 முதல் ஆண்ட்ராய்டில் உண்டு. வங்கிப் பணத்தைக் கைப்பேசி வழியே கவர்வோர் கதைகளை நாள்தோறும் கேட்கும் முதியோர் என்ன செய்வார்கள்? அனைத்திற்கும் "மறு" என்று அழுத்தினார்கள். அறிவோடுதான் செய்தார்கள்.

உறுப்பினர் அனைவரின் முகவரியும் எண்ணும் எல்லோர்க்கும் தெரியுமாறு ஒரு பக்கமும் வைத்திருந்தோம். அச்சிட்ட கையேட்டில் எப்போதும் உள்ளதுதானே என்பது எங்கள் வாதம். தனித்து வாழும் அம்மையார் ஒருவர் கேட்டார்: "கையேடு என் வீட்டு அலமாரியில் இருக்கும். இது எங்கெங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?" முடியவில்லை. அன்றே அப்பக்கத்தை நீக்கினோம். 2023-இல் தனிமனிதர் தரவுக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, அவ்வம்மையார் அதன் கருத்தை எங்களுக்கு முன்னரே கற்பித்திருந்தார் என்று நினைத்துக்கொண்டோம்.

இவையெல்லாம் நகைத்துக் கடக்கத் தக்கவை. நகைக்க இயலாத ஒன்று உண்டு. செயலி வந்த மறுமாதமே அஞ்சலட்டையை நிறுத்தினோம்.

எங்கள் 600 நூல்களில் ஏறத்தாழ நூறு, ஒரு பெரியவர் கொடை. மைய அரசுப் பணியில் வந்து, இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுக்குப்பின் யமுனையைக் கடந்து வந்தவர். துணைவியார் மறைந்தபின் தனியே வாழ்பவர். எண்பத்து மூன்று வயது. மாதந்தோறும் எங்கள் அஞ்சலட்டை வந்ததும் நாட்காட்டியில் ஞாயிற்றைச் சுழித்து வைப்பவர். அவருக்கும் செயலியை நாங்களே நேரில் சென்று ஏற்றிக் கொடுத்தோம். எங்கள் கணக்குத் திரையில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் நேரே "அனுப்பப்பட்டது" என்று பச்சை நிறத்தில் தெரியும். அதைப் பார்த்து மகிழ்ந்திருந்தோம். அனுப்பப்பட்டது, சேர்ந்தது, படிக்கப்பட்டது என்பவை மூன்று வெவ்வேறு செய்திகள் என்று எண்ணவில்லை. ஆண்ட்ராய்டின் பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து, பயனர் இசைந்தாலன்றி அறிவிப்புத் திரையில் தோன்றாது. அவர் நான்கு வினாக்களோடு அதையும் மறுத்திருந்தார். அவர் நுழைவதற்கான கடவு எண்ணும் அவரிடம் வராது. கைப்பேசி இணைப்பை வாங்கியபோது பதிந்திருந்த மகனுடைய எண்ணையே நாங்கள் குறித்துக்கொண்டோம். மகன் இருப்பது கனடாவில்.

ஐந்து மாதம் அவர் கூட்டத்திற்கு வரவில்லை. உடல்நலம் என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். ஆறாம் மாதம் அவரைக் காணச் சென்றபோது கூடத்து மேசையில் எங்கள் நூல்கள் நான்கு செய்தித்தாளில் பொதிந்து நூலால் கட்டப்பட்டிருந்தன. மேலே ஓர் உறையில் தாமதக் கட்டணம். "வாருங்கள் தம்பி. வட்டம் கலைந்துவிட்டது என்று நினைத்தேன். இவற்றை யாரிடம் சேர்ப்பது என்று தெரியவில்லை" என்றார். குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. ஐவரும் அமர்ந்து அவர் தந்த காப்பியைக் குடித்தோம். அன்று அதன் சுவை தெரியவில்லை.

2020 ஏப்ரலில் மைய அரசு வெளியிட்ட ஆரோக்கிய சேது செயலிக்கே, திறன்பேசி இல்லாதார் பொருட்டு 1921 என்னும் எண்ணில் குரல்வழி ஏற்பாடு அடுத்த மாதத்தில் வந்தது. நாட்டுக்குத் தேவைப்பட்ட மாற்றுவழி 90 குடும்பத்திற்குத் தேவையில்லை என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். மறுநாளே அஞ்சலட்டை வாங்கினோம்.

முதற்செயலி நெடுநாள் வாழவும் இல்லை. இளைய நண்பர் பணி மாறி அயல்நாடு சென்றார். செயலிக் கடைக் கணக்கு அவருடைய சொந்தப் பெயரிலும், அதைத் திறக்கும் கடவு எண் அவர் கைவிட்ட இந்திய எண்ணிலும் இருந்தன. ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்காவிடில், புதிய கைப்பேசியில் அதனை நிறுவ இயலாமற் போகும். எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. செய்து முடிப்பதற்கு நாள் குறித்த நாங்கள், பேணுவதற்கு ஆள் குறிக்கவில்லை.

2025-இல் மீண்டும் தொடங்கினோம். இம்முறை கணக்கின் திறவுகோல்கள் இருவரிடம் உள்ளன. உறையிலிட்ட படியொன்று அலமாரியில் இருக்கிறது. செயலியில் நூற்பட்டியல், திருப்ப வேண்டிய நாள், அடுத்த கூட்டம் என்னும் மூன்றே உள்ளன. இணையம் இல்லாமலும் திறக்கும். கூகுள் கடையில் இப்போது ஒரு விதி: தனியார் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் பன்னிருவரைக் கொண்டு பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்த பிறகே செயலியை வெளியிடலாம். மென்பொருளார் பலர் இதனைத் தொல்லை என்று நொந்துகொள்கிறார்கள். எங்களுக்கு அது வாய்ப்பாயிற்று. பன்னிருவரையும் எழுபது வயது கடந்தோரிலிருந்தே தேர்ந்தோம், பெரியவரும் ஒருவர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் அமர்ந்து, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்த்தோம். வாய் திறவாமல் இருப்பது எங்களுக்குக் கடினமாகவே இருந்தது.

பெரியவர் தாம் கண்ட பிழைகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார். பதினான்கு நாளில் ஏழு அட்டைகள் வந்தன. "சமர்ப்பி" என்பது இறைவன் திருமுன் செய்வது, நூல் கேட்பதற்கு "அனுப்பு" போதும் என்றது ஒன்று. பின்செல்லும் அம்பு கட்டைவிரலுக்கு அகப்படவில்லை என்றது இன்னொன்று. ஏழாவது அட்டையில் இரண்டு வரிகள் இருந்தன: மலர், மறை, மனம் மூன்றும் முறைப்படி நிற்பதைக் கண்டேன்; எழுத்து மட்டும் இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கலாம்.