உகந்தைக்கு அப்பால் ஐந்து நாள் அடுப்பு

கதிர்காமத்துக்கு நடந்து போகிறேன் என்று சொன்னால், கால் வலிக்காதா, யானை வராதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டவர் என் மனைவி ஒருவரே. 2023இல் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில், "முருகன் பார்த்துக்கொள்வான்" என்பது. நான்காம் நாள் நாவலடியைத் தாண்டியதும் நடு வழியில் விழுந்து கிடந்தேன்.

இந்த யாத்திரையை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேலுடன் புறப்படுபவர்கள், கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து உகந்தை முருகன் கோயிலை அடைவர். அதுவரை ஊர்களும் கோயில்களும் உண்டு, அன்னதானத்துக்குக் குறைவில்லை. உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகள். ஐந்தாறு நாள் நடை. இடையிடையே தொண்டர்களும் படையினரும் குடிதண்ணீர் தருகிறார்கள் என்றாலும், சோற்றுக்கு அவரவர் மூட்டைதான் கதி. பத்திரிகைத் தொழிலில் நீண்ட விடுமுறை கிடைப்பதில்லை. ஆகவே நான் உகந்தையிலிருந்து நடக்கும் அரை யாத்திரிகன்தான்.

அந்த ஆண்டு ஒரு நேரம் மட்டும் உண்பதாக நேர்ந்திருந்தேன். மாலையில் வெள்ளை அரிசிச் சோறும் பருப்பும், பகலில் வெறுந்தேநீர். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தக்காரனான நான், காலை மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கிவந்தேன். அந்த மாத்திரை, நான் சாப்பிட்டேனா இல்லையா என்று பாராமல் இரத்தத்தின் சீனியை இறக்கும் வகையைச் சேர்ந்தது. நடக்கும் தசைகளும் சீனியை இழுக்கும். அதன் தாக்கம் மறுநாள் வரையும் நீடிக்கலாம். இவையெல்லாம் பின்னர் தெரிந்துகொண்டவை. அன்று தெரிந்தது குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பின்னர் மணல்.

மட்டக்களப்புப் பக்கத்து ஆச்சி ஒருவர்தான் என் வாயில் பனங்கட்டியைத் திணித்தவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நான் கண் விழித்ததும் அவர் கேட்டது, "மனே, முருகன் உன்னப் பட்டினி கிடக்கச் சொன்னவரா?" அவருடைய சேலை முடிச்சில் பனங்கட்டி, வறுத்த கச்சான், இஞ்சித் துண்டு எல்லாம் இருந்தன. நாற்பது தரம் இந்தக் காட்டைக் கடந்தவர் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். நானோ பட்டதாரி, சுகாதாரப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். நீரிழிவு பற்றி நான் எழுதிய பத்திகளை எண்ணி அன்று வெட்கப்பட்டேன்.

2024இல் புறப்படுமுன் வைத்தியரிடம் போனேன். நடக்கும் நாட்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைத்துத் தந்தார். (அவர் எனக்குச் சொன்ன அளவு எனக்கு மட்டுமே உரியது. நீங்களாகக் குறைக்காதீர்கள்.) விரதத்தை மச்சம் தவிர்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பின்னர் நானும் மனைவியும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, ஐந்து பேருக்கு ஐந்து நாட்களுக்கான சாமான் பட்டியல் போட்டோம்.

சிவப்புப் பச்சையரிசி 5 கிலோ. மைசூர்ப் பருப்பும் பாசிப்பயறும் ஒன்றரைக் கிலோ வீதம். கடலை, குரக்கன் மா, கச்சான் ஒவ்வொரு கிலோ. ஆளுக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ சுமை. இதைவிட அரிசி கூடினால் தோள் சொல்லும். பருப்பு வகை குறைந்தால் மூன்றாம் நாள் முழங்கால் சொல்லும். ஊறவைக்காமலே விரைவில் வேகும் என்பதால் மைசூர்ப் பருப்பு இரவுச் சமையலுக்கு. கடலையை இரவில் ஊறவிட்டு, விடியற்காலையில் அவித்து, வழியில் கொறிப்பதற்குப் பொதி செய்வோம். ஊறாத கடலைக்கு விறகு கொடுத்து மாளாது.

மரக்கறியை எது முதலில் கெடும் என்ற ஒழுங்கிலேயே சமைக்க வேண்டும். முதல் நாள் கீரை. இரண்டாம் நாள் பயற்றங்காயும் வெண்டிக்காயும். பின்னர் கரட், பூசணி. கடைசியில் கத்தரிக்காய் வற்றல். தேசிக்காயும் சின்ன வெங்காயமும் ஐந்து நாளும் தாங்கும். உடைக்காத தேங்காயும் அப்படியே. திருவலை சுமக்க யாரும் முன்வராததால், தேங்காயைச் சொட்டுகளாக வெட்டிக் கல்லில் இடித்துச் சம்பல் செய்தோம். வீட்டுச் சம்பலைவிட அது ருசியாக இருந்தது என்பதை மனைவிக்குச் சொல்லவில்லை.

நான் மிகவும் பெருமைப்படுவது பயற்றைப் பற்றி. இரவில் ஊறவைத்து, காலையில் ஈரத் துணியில் கட்டி மூட்டையின் வெளிப்புறம் தொங்கவிட்டு, வழியில் தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் நனைத்துவந்தால், மறுநாட் காலை வால்விட்டிருக்கும். மரக்கறி தீர்ந்த காட்டில் அது பச்சையான உணவு. ஆனால் பச்சையாகத் தின்னக் கூடாது; ஆற்றுத் தண்ணீரில் நனைந்ததல்லவா! ஆவியில் அவித்து, உப்பும் தேசிப்புளியும் விட்டோம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமுக்கன் ஆற்று மணலில் தோண்டி எடுக்கும் ஊற்று நீர் கண்ணாடி போலிருக்கும். அந்தத் தெளிவை நம்பி வயிற்றோட்டத்தோடு நடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். துணியில் வடித்து, நன்றாகக் கொதித்த பின்பே குடித்தோம். ஜீவனிப் பைக்கற்றுகளும் கைவசம் இருந்தன. மிஞ்சிய சோற்றைக் காலைக்கு வைக்கும் ஊர்ப் பழக்கத்தையும் கைவிட்டோம். அந்த வெக்கையில் சோற்றில் கிருமி பெருக இரவொன்று போதும். அளந்து உலை வைத்து, அங்கேயே முடித்துவிட வேண்டும். மூன்று கல் அடுப்பு எப்போதும் வெறும் மணலில்தான். புறப்படும்போது தண்ணீர் ஊற்றி மணலால் மூடி, கை வைத்துப் பார்த்த பிறகே நகர்வோம். காய்ந்த காட்டில் ஒரு தணல் போதும்.

இத்தனை திட்டமிட்டும் நான்காம் நாள் முற்பகல் அதே நடுக்கம் வந்தது. பூசணிக்காய் சுமந்த நண்பர் வழி தவறியதால் ஒரு மணிநேரம் அதிகம் நடந்திருந்தோம். இம்முறை உட்கார்ந்தேன். மானியில் 64 காட்டியது. கைப்பையில் மூன்று பனங்கட்டிக் குட்டான்கள். ஒன்றைப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கடித்துத் தண்ணீர் குடித்தேன். பதினைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மறுபடி பார்த்தபோது 97. அவித்த கடலையில் ஒரு கை தின்றுவிட்டு எழுந்தேன்.

வழி நெடுக அந்த ஆச்சியைத் தேடினேன். முதிய பெண்கள் பலர் போனார்கள், அவர் இல்லை. அவருக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பயத்தம் பணியாரத்தைக் கடைசி மடத்தில் ஒரு தாயிடமும் அவரது இரு பிள்ளைகளிடமும் கொடுத்தேன்.

அன்றிரவு சமையல் என் முறை. குரக்கன் ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. ஐவரும் குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தோம்.