மிச்சம் எந்தக் கணக்கில்?

எங்கள் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் உணவுத் தாளில், மதியம் என்ற சொல்லுக்கு நேரே 'சாதம் 100 கிராம்' என்று இருக்கிறது. வெந்த சாதமா, அரிசியா என்று எழுதவில்லை. வெந்த சாதம் என்றால் ஏறக்குறைய 130 கலோரி. அரிசி என்றால் 350. தாளை வாங்கிப் போகும் பெண்களில் வீட்டில் தராசு வைத்திருப்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை. உலை வைக்கிறவளுக்கு உழக்கு தெரியும், டம்ளர் தெரியும், குழிக்கரண்டி தெரியும். அடுத்த மாதம் அவளுடைய சர்க்கரை இறங்காமல் வந்து நிற்கும்போது, "படிப்பறிவு இல்லாத ஜனங்க, என்ன சொன்னாலும் ஏறாது" என்று வராந்தாவில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்.

உணவு ஆலோசகர்களுக்கான பாடத்தில் இப்போது 'ஊட்டச்சத்து அறிவு' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உணவைப் பற்றிய தகவலைப் படித்து, புரிந்துகொண்டு, அதை வைத்து முடிவெடுக்கும் திறன். முதலில் அதை அளந்து பார், பிறகு அதற்கேற்பப் பேசு என்பது விதி. விதி நல்ல விதிதான். எதை வைத்து அளக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

2005இல் அமெரிக்காவில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நோயாளியிடம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவின் லேபிளைக் கொடுத்து ஆறு கேள்விகள் கேட்பார்கள். முழு டப்பாவையும் சாப்பிட்டால் எத்தனை கலோரி என்பது அதில் ஒன்று. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். டப்பாவில் வரும் உணவையே பெரும்பாலும் சாப்பிடும் ஒரு சமூகத்துக்கு அது பொருத்தமான கேள்விதான். எங்கள் ஊர்ப் பெண்கள் வாங்கும் ரேஷன் அரிசியிலும், சந்தையில் கூறு கட்டி வைத்த கத்தரிக்காயிலும், செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் லேபிள் கிடையாது. லேபிள் ஒட்டிய பொருள் என்று பார்த்தால் பிஸ்கட், சத்துமாவு டப்பா, சூப் பாக்கெட். நமது சட்டப்படி அந்த லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகள் கூடுதலாக இருக்கலாம், கட்டாயமில்லை. வார இதழை வரி விடாமல் படிக்கும் பெண்ணும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிய கணத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆகிவிடுகிறாள். இங்கே யாருடைய அறிவைச் சோதிப்பது?

நான் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். "உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை உழக்கு அரிசி போடுவீங்க, எத்தனை பேர் சாப்பிடுவீங்க?" உடனே பதில் வரும், பிசகாமல் வரும். எண்ணெய் மாதம் எத்தனை பாக்கெட், சமையல் உப்பு எத்தனை நாளில் தீர்கிறது என்று கேட்டாலும் அப்படித்தான். ஒரு கிலோ உப்பு நான்கு பேர் உள்ள வீட்டில் இருபது நாளில் தீர்ந்தால் தலைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இதற்கு மேலே. இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கும்போது முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். சோடியம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. தேவையான தகவல் அத்தனையும் அவர்களிடமே இருந்தது. வகுத்துப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

தெரியாதவை இல்லாமலில்லை. சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டுக் காலையில் இரண்டு பெரிய டம்ளர் கஞ்சி குடிப்பவர்கள் நிறைய. நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி சட்டென்று செரித்து ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், கருப்பட்டிதான் போடுகிறேன் என்பார்கள். இதையெல்லாம் மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஞ்சியை நிறுத்து என்று சொல்வதைவிட, "களியாக் கிண்டி, ஒரு கைப்பிடி உருண்டை, கூட ஒரு கிண்ணம் கீரை" என்றால் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லி முடித்தபின் புரிந்ததா என்று நான் கேட்பதில்லை. புரிந்தது என்றுதான் சொல்வார்கள், எழுந்து போக வேண்டுமே. "வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணு கேப்பா, அந்த மேடம் என்னம்மா சொன்னாங்கன்னு. என்ன சொல்வீங்க?" என்று கேட்பேன். அவர்கள் திருப்பிச் சொல்லும்போதுதான், நான் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது, எது மேசையிலேயே தங்கிவிட்டது என்று தெரியும்.

நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கேள்வி. ஆண்கள் சாப்பிட்டதைச் சொல்வார்கள். பெண்கள் சமைத்ததைச் சொல்வார்கள். "காலைல இட்லி சாம்பார், மத்தியானம் மீன்கொழம்பு, ராத்திரி தோசை." தாளில் எழுதினால் நல்ல சாப்பாடாகத்தான் தெரியும். "மீன் எத்தனை துண்டு வந்துச்சு? யார் யாருக்கு எத்தனை?" என்று கேட்டால் கணக்கு வேறு மாதிரி போகும். அவருக்கு மூன்று, பையன்களுக்கு இரண்டிரண்டு, மாமாவுக்கு ஒன்று. உங்களுக்கு? "நமக்கென்ன மேடம், சட்டில கொழம்பு இருந்துச்சு." எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் என்ன இருந்தது, அதை என்ன செய்தீர்கள் என்பதையும் கேட்கிறேன். மிஞ்சிய இரண்டு இட்லியை வீணாக்க மனமில்லாமல் பதினொரு மணிக்குத் தின்றது, பிள்ளை வைத்துவிட்டுப் போன தோசை முனை, பழைய சோறு. இவற்றை அவர்கள் சாப்பாடு என்று எண்ணுவதே இல்லை. உடல் பருத்தவளின் கணக்கிலும் இது வராது, இளைத்தவளின் கணக்கிலும் வராது. உணவியல் படிக்கும் மாணவிகள் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மிச்சத்துக்கென்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அச்சடித்த படிவத்தில் இருக்காது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கர்ப்பிணிகளிடம் கேட்டுப் பாருங்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பிப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டோடு டீயும் குடித்துவிட்டுப் போட்டால் சத்து சரியாகச் சேராது, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம் என்பவை பலருக்குத் தெரியாது. அவற்றைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். ஈரல் வாங்கும் காசை யார் கையில் வைத்திருக்கிறார்கள், வாங்கி வந்தால் முதல் கரண்டி யார் தட்டில் விழும் என்பதை இரண்டு நிமிடத்தில் மாற்ற முடியாது. அறிவுக் குறைவு என்று நாம் பதிவு செய்வதில் பாதி அதிகாரக் குறைவுதான் என்று நினைக்கிறேன்.

ஆண் நோயாளி வந்தால் ஆலோசனை அவருக்கு நடப்பதில்லை. "சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்க" என்போம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தலையாட்டிக் கேட்பாள். இரவில் சாதம் வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று ஒரு டாக்டர் ஒரு வரியில் எழுதிவிடுவார். கோதுமைக்கும் அரிசிக்கும் கலோரிக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவுதான் விஷயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரேஷனில் அரிசி 2011இலிருந்து இலவசம். கோதுமை மாவைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒருத்தி, மற்றவர்களுக்குச் சோறு வடித்துவிட்டு ஒருவருக்காக மாவு பிசைந்து, தேய்த்து, சூடாகப் போட வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் மருந்துச் சீட்டில் எங்கும் வராது. மனைவிக்குச் சர்க்கரை வந்தால் சப்பாத்தி போடும் கணவர்களும் இருப்பார்கள். என் அறைக்கு இதுவரை வந்ததில்லை.

அதனால் "யார் சமைக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. யார் கடைக்குப் போகிறார்கள், காசு யாரிடம், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்கிறேன். ஆண்களிடம், "ரசத்துல உப்பு எத்தனை ஸ்பூன்னு தெரியுமா?" என்றால் சிரித்து மழுப்புவார்கள். தன் உடம்புக்குள் போகும் உப்பின் அளவு தெரியாத அவரை யாரும் அறிவில்லாதவர் என்று எழுதுவதில்லை.

ஏழாவது மாதத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எட்டுக்குச் சற்று மேல். மூன்று முறை வந்தாள், நான் சொன்னவை அத்தனையும் திருப்பிச் சொன்னாள், ரத்தம் ஏறவில்லை. மாத்திரையைப் போடுகிறாளா என்று கேட்டால் ஆமாம். சாப்பாடு? மாமியார்தான் பரிமாறுகிறார் என்றாள், அவ்வளவுதான். அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வரச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தொடும் வயது, களை பறிக்கப் போகிறவர், கன்னமெல்லாம் வெளிறியிருந்தது. மருமகளுக்கு முட்டை வைக்கிறீர்களா என்றேன். "வெப்போம் மேடம். மூணு முட்டைதான் வாங்குவோம், ஆம்பளைங்களுக்கு வெச்சது போக." நீங்க நேத்து என்ன சாப்பிட்டீங்கம்மா என்று கேட்டேன். அந்தக் கேள்வி தனக்கா என்று மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "நானா? நேத்தா?" என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். மருமகள்தான் சொன்னாள், "அத்தை காலைல டீயோட போயிட்டாங்க மேடம். மத்தியானம் நீத்தண்ணி. ராத்திரி நாங்க சாப்பிட்டதுக்கப்புறம்…" அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

அந்த அம்மாவைப் பொது மருத்துவப் பிரிவுக்கு அனுப்பி, அவருக்கும் ரத்தம் பரிசோதிக்கச் சொன்னோம்.